மலேரியா போச்சு, தலசீமியா ஏன் போகல?

பட்டர்வொர்த்_அம்மா:
மகள் படிவம் 4. பள்ளியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் தலசீமியா (பரம்பரையா வர்ற ரத்த நோய்) கேரியர்னு வந்திருக்கு, அதாவது நோய் இல்லாம அதோட ஜீனை மட்டும் சுமக்கிறவளாம். ஆளு நல்லாத்தான் இருக்கா, பூப்பந்து ஆடுறா. மலேரியாவிலிருந்து காப்பாத்தினதால்தான் அந்த ஜீன் பரவிச்சுன்னு டீச்சர் சொன்னாங்களாம். இப்ப பினாங்குல யாருக்கு மலேரியா வருது? அப்புறம் ஏன் இது போகல?

ரவாங்_ரவி:
இயற்கைத் தேர்வு, அக்கா. தேவையில்லாதது தானா மறைஞ்சிடும். கொஞ்ச காலம் ஆகும், அவ்ளோதான்.

ஆயர்_ஈத்தாம்_வாத்தியார்:
கொஞ்ச காலமா? கணக்குப் போடுவோம் தம்பி. பேச்சுக்கு, 10,000 பேர். அந்த ஜீன் அப்பா கிட்டருந்து ஒன்னு, அம்மா கிட்டருந்து ஒன்னுன்னு ஆளுக்கு ரெண்டு பிரதி, மொத்தம் 20,000. அதுல பழுதான பிரதி 400, அதாவது நூத்துக்கு 2. 1908ல் ஹார்டியும் வெய்ன்பெர்க்கும் தந்த சூத்திரப்படி 4 பேருக்கு ரெண்டு பிரதியும் பழுது, கடும் நோய்; 392 பேருக்கு ஒன்னு மட்டும் பழுது, கேரியர். ஆக 400 பிரதியில் நோயாளிகள் கிட்ட இருக்கிறது வெறும் 8. மீதி 392ம் உங்க மக மாதிரி ஆரோக்கியமான ஆளுங்க உடம்புல பத்திரமா இருக்கு. தேர்வு கை வைக்க முடியறது அந்த எட்டு மேலதான். மலேரியாவின் தயவு சுத்தமா நின்னு, நோயாளிகள் ஒருத்தருக்கும் பிள்ளையே பிறக்காதுன்னு வச்சாலும், 2 சதவீதம் 1 ஆகக் குறைய 50 தலைமுறை வேணும். தலைமுறைக்கு 25 வருஷம்னா 1,250 வருஷம்! இப்போ ரத்தம் ஏத்தி நோயாளிகளும் வாழறாங்க (வாழட்டும்), வேகம் இன்னும் குறையும்.

மலேரியா தொடர்பை 1949லயே ஹால்டேன்ங்கிற மரபியல் விஞ்ஞானி ஊகிச்சார். நம்ம தோட்டத்துப் பாட்டன்களைக் கேட்டா அந்தக் காய்ச்சல் பத்திக் கதை கதையாச் சொல்லியிருப்பாங்க.

ரவாங்_ரவி:
சரி சார். அப்போ தேர்வு இல்லாட்டி அளவு மாறாதா?

ஆயர்_ஈத்தாம்_வாத்தியார்:
மாறும், குருட்டு அதிர்ஷ்டத்தால. பசிபிக்கில் பிங்கெலாப் தீவு. 1775 வாக்கில் அடிச்ச புயலுக்கப்புறம் தப்பினது சுமார் 20 பேர். அதுல ஒருத்தர் நிறமே தெரியாத குறையைச் சுமந்த கேரியர்னு கருதறாங்க. இன்னைக்கு அங்க 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அந்தக் குறை. நன்மையும் கிடையாது, ஒன்னும் கிடையாது. ஆள் குறைஞ்சா சீட்டு எப்படி வேணாலும் விழும். வெளியூர் சம்பந்தம் நிறைய வந்தா இந்த ஏற்றத்தாழ்வு கரையும்.

பட்டர்வொர்த்_அம்மா:
அப்ப என் மகளுக்கு நான் என்ன செய்யணும்?

ஆயர்_ஈத்தாம்_வாத்தியார்:
இப்ப ஒன்னும் வேணாம். கல்யாணப் பேச்சு வரும்போது பையனும் பரிசோதனை எடுக்கணும். ரெண்டு பேரும் கேரியர்னா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் பிள்ளைக்குக் கடும் நோய் வர நாலுல ஒரு பங்கு ஆபத்து. ரத்தம் கம்மின்னு சொல்லி இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுத்துடாதீங்க, முதல்ல ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச் சேமிப்பு எவ்ளோன்னு காட்டற ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்க.