சந்தன மரக் கிளையைக் கழிக்க அனுமதி

கானாடுகாத்தானில் எங்கள் ஐயா காலத்து வீட்டின் பின்கட்டில், பறவை போட்ட விதையில் முளைத்த சந்தன மரம் ஒன்று நிற்கிறது. பட்டா நிலம்தான். அதன் பெரிய கிளை நாட்டு ஓடுகளை நகர்த்தி, ஒழுகி, தேக்கு உத்திரம் கறுக்கத் தொடங்கிவிட்டது. ஐப்பசி மழைக்குள் கழித்தாக வேண்டும்.

1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதிகளுக்கானது, இங்கே பொருந்தாது. ஆனால் பட்டாவில் நின்றாலும் சந்தனத்தை வனத்துறை அனுமதியின்றி வெட்டக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால், ‘கிளைதானே!’ என்கிறார். மரம் வெட்டுபவரோ காகிதம் இல்லாமல் அரிவாளைத் தொட மாட்டேன் என்கிறார். அவர் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. கயிறு கட்டி இழுத்தும் பார்த்தோம், கிளை அசையவில்லை.

சிவகங்கை மாவட்டத்தில் சந்தனக் கிளையை மட்டும் கழிக்க அனுமதி வாங்கியவர்கள், வனச்சரக அலுவலகத்தில் என்னென்ன ஆவணங்களோடு மனுக் கொடுத்தீர்கள்?