இறால் குட்டைக்கு சோலார் போட்டால் டீசலை நிறுத்தலாமா?

ஏரிக்கரை:
ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே இரண்டு வனாமி இறால் குட்டை வைத்திருக்கிறோம். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஒரு ஹெச்.பி. ஏரேட்டர் நான்கு ஓடுகிறது. ராத்திரி கரண்ட் போனால் ஜெனரேட்டர்தான், டீசல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. ஆந்திரப் பக்கம் தடாவில் பண்ணை வைத்திருக்கும் மச்சான், பேட்டரியோடு சோலார் போட்டுவிடு, அப்புறம் செலவே கிடையாது என்கிறார். யாராவது போட்டிருக்கிறீர்களா?

குட்டைக்காரன்:
தம்பி, வெயில் அடிக்கும் நேரத்தில் தண்ணீரில் இருக்கும் பாசியே ஆக்சிஜன் கொடுத்துவிடும். ராத்திரியில் அதே பாசி, இறால், அடிச்சேறு எல்லாம் சேர்ந்து ஆக்சிஜனை இழுப்பதால் விடியற்காலையில்தான் டி.ஓ. (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்) தரைதட்டும், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்து. ஆக நமக்குத் தேவைப்படும் நேரத்தில் சோலார் தூங்கும். கணக்கைப் பாருங்கள்: நான்கு ஏரேட்டர் ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 30 யூனிட். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரியில் 1.8 யூனிட்தான் நிற்கும், பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் போய்விடும். முப்பது பேட்டரிக்கு மேல் வேண்டும், எங்கே அடுக்குவீர்கள்? லித்தியம் என்றால் எண்ணிக்கை குறையும், விலை குறையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெயிலும் இல்லை கரண்டும் இல்லை, அதை மறக்க வேண்டாம். ஜெனரேட்டரை விற்றுவிடாதீர்கள்.

சுள்ளூர்பேட்டை வாசி:
உங்கள் மச்சானுக்கு என்ன, 2019-இல் ஆந்திராவில் இறால், மீன் பண்ணைகளுக்குக் கரண்ட் யூனிட் 1.50 ரூபாய் என்று அறிவித்தார்கள், சலுகையில் இருந்துகொண்டு யோசனை சொல்வது சுலபம் :) ஆனால் சோலாரே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். குட்டைக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பைப் பகலில் ஓட்டலாம். தீவனம் போடும் ஆட்டோ ஃபீடர், கரை விளக்கு எல்லாம் கொஞ்ச வாட்தான். அறுவடை நெருங்கும்போது பகலிலும் ஏரேட்டர் ஓடுமே, அந்த பில் குறையும். ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலில் நாளைக்கு 4 யூனிட் போலத் தரும்.

ஏரிக்கரை:
அண்ணா, பேட்டரி இல்லாமல், லைன் கரண்டோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார் போட்டால், பகலில் கரண்ட் போகும்போதாவது டீசல் மிச்சமாகுமா?

குட்டைக்காரன்:
ஆகாது. லைன் கரண்ட் போனதும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். விற்பவர்கள் இதைக் கேட்டால்தான் சொல்வார்கள். பம்புக்குத் தனியாக சோலார் பம்ப் வாங்குங்கள், அது லைனை நம்பி இருக்காது.

உப்புக்காற்று:
இன்னொன்று, சாதா இரும்பு ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம், உப்புக்காற்றில் போல்ட் முதலில் போகும். அலுமினியம் ஃப்ரேம், உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் என்று எழுதி வாங்குங்கள். நீர்க்காகம் பேனல் மேல் உட்கார்ந்து எச்சம் போடும், ஒரு மூலை மறைந்தாலே கரண்ட் குறையும், கழுவுவதற்கு நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், குட்டைத் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படியும்.

ஏரிக்கரை:
சரி, பம்புக்கு மட்டும் விலை கேட்கிறேன். மச்சானிடம் நீங்களே பேசுங்கள்.