சைக்கிளுக்கு டோக்கன் இல்லையாம்: பகுதி சபையில் என்ன கேட்பது?

கேரியர்காரன் (வில்லிவாக்கம்):

நாலு வருடமாக வில்லிவாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு சைக்கிளில்தான் ஆபீஸ் போய் வருகிறேன். கொன்னூர் நெடுஞ்சாலை, அயனாவரம், கீழ்ப்பாக்கம் வழியாக எட்டொன்பது கிலோமீட்டர். கியர் வண்டியெல்லாம் இல்லை. மட்கார்டும் பெல்லும் வைத்த கறுப்பு சைக்கிள். கேரியரில் டிபன் பாக்ஸ், அதன் மேல் மழைக்கோட்டு.

போன சனிக்கிழமை ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். "சைக்கிளுக்கு டோக்கன் இல்லை சார்" என்றார் வாசலில் இருந்த செக்யூரிட்டி. காசு தருகிறேன், பைக் டோக்கனே கொடுங்கள் என்றேன். "மெஷின்ல வண்டி நம்பர் அடிக்கணும். உங்க வண்டிக்கு நம்பர் ஏது?" என்று கேட்டார். அவர் மேல் கோபமில்லை. அவரும் சைக்கிளில் வருகிறவர்தான். தன் வண்டியைப் பின்பக்கம் ஜெனரேட்டரோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருந்தார். என்னுடையதையும் அங்கேயே கட்டச் சொன்னார். துணி எடுத்துக்கொண்டு திரும்பினால், சீட் மேல் ஆள் உயரத்துக்குக் காலி அட்டைப்பெட்டிகள். இறக்கி வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். பின்சக்கரம் கோட்டம் ஆகிவிட்டது.

நம் ஊரில் பைக் நிறுத்துகிற இடத்துக்குப் பெயரே சைக்கிள் ஸ்டாண்டு. உள்ளே போய்ப் பார்த்தால் எத்தனை சைக்கிள் இருக்கும் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம்; ஊர்ப்பக்கம் நடக்கிற கிராம சபை மாதிரி, நகரத்துக்கு. கொன்னூர் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்குத் தனித்தடம் வேண்டும் என்று மனு கொடுக்கலாமா? நடக்கிற காரியமா?

டைனமோ விளக்கு:

நடக்காது. கொன்னூர் நெடுஞ்சாலையில் ஒரு பஸ் நின்றால் பைக்கே பின்னால் நின்றுவிடுகிறது. அங்கே தனித்தடம் என்றால், "நல்ல யோசனை, பரிசீலிக்கிறோம்" என்பார்கள். அதோடு சரி.

முதலில் எந்தச் சாலை யார் கையில் என்று பாருங்கள். சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. மாநகராட்சியிலும் பஸ் போகிற சாலைகளுக்கு ஒரு பிரிவு, உள்தெருக்களுக்கு மண்டல அலுவலகம். கவுன்சிலர் முயன்றால் நடக்கிற வேலையைக் கேளுங்கள்.

இன்னொன்று. 2014-லேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு ஒரு கொள்கை கொண்டுவந்தது. இந்திய நகரங்களில் அதுதான் முதல். போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. மனுவின் முதல் வரியே இதுவாக இருக்கட்டும். புதிதாகச் சலுகை கேட்கவில்லை, நீங்களே எழுதியதைத்தான் கேட்கிறோம் என்று ஆகிவிடும். பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வந்தது. ஆக, நடப்பவர்களுக்குக் கொஞ்சமாவது கிடைத்தது. அதே வருடம் வாடகை சைக்கிளும் வந்தது. இப்போது அதை எங்கே பார்க்கிறோம்?

உங்கள் மண்டலத்தில் சைக்கிளுக்கென்று எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வையுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, மழைநீர் வடிகாலின் இரும்பு மூடி. கம்பிகள் சக்கரம் போகிற திசையிலேயே இருந்தால் ஒல்லி டயர் உள்ளே இறங்கிவிடும். சதுர மூடி என்றால் குறுக்காகத் திருப்பிப் போட்டாலே போதும். சுற்றியுள்ள இரும்பு ஃபிரேமோடு ஒட்டவைத்திருந்தால் மட்டும் வெல்டர் வேண்டும். பக்கத்தில் ஒரு அடி ஸ்கேல் வைத்து போட்டோ எடுங்கள். ஸ்கேல் இல்லாத போட்டோவை யாரும் மதிப்பதில்லை. இரண்டு, வண்டியைச் சாய்த்துப் பூட்ட வளைந்த இரும்புக் குழாய். ஒரு கார் நிற்கிற இடத்தில் எட்டு, பத்து சைக்கிள் நிற்கும்.

மூன்றாவதாக எதையும் எழுதாதீர்கள். பட்டியல் நீண்டால் அதில் சுலபமான ஒன்றைச் செய்து மனுவை மூடிவிடுவார்கள்.

முன்கூடை:

தனித்தடமே கேட்காதீர்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். முன்னால் கூடை, பின்னால் ஆறு வயதுப் பெண்; அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறேன். குழாய் நட்டால் வண்டி பத்திரம். நாங்கள்?

என் அம்மாவுக்குப் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டவர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பார் வைத்த ஆண்கள் வண்டியில் புடவையைச் செருகிக்கொண்டு பழகினாராம். "ரோடு நல்லா ஆகட்டும், அப்புறம் ஓட்டலாம்னு இருந்திருந்தா இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருப்போம்" என்பார். அது டைனமோ விளக்குக்குச் சாதகமான பேச்சுதான், தெரிகிறது. ஆனால் புதுக்கோட்டைச் சாலையில் அன்றைக்கு இத்தனை கார் இல்லை.

ஒரே ஒரு பள்ளித் தெருவில், காலையில் அரை மணி நேரம் மட்டும் கார் வராமல் தடுக்கக் கேளுங்கள். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே இலவச சைக்கிள் தருகிறது. அதை ஓட்டிப் போக ஒரு தெருவாவது வேண்டாமா?

டைனமோ விளக்கு:

பள்ளித் தெரு சரி. அதைத் தனி மனுவாக, பெற்றோர் கையெழுத்தோடு கொடுங்கள். வெறும் வெள்ளைக் கோடு போட்ட தடம் மட்டும் வேண்டாம். மறுநாளே அதில் கார் நிற்கும்.

கேரியர்காரன் (வில்லிவாக்கம்):

இருவருக்கும் நன்றி. ஒரு வேலை செய்தேன். இன்று காலை ஐந்தேகாலுக்கு மார்க்கெட் முனை டீக்கடையில் உட்கார்ந்து கால் மணி நேரம் எண்ணினேன். 31 சைக்கிள். பேப்பர், பால், கீரைக் கட்டு, ஓட்டலுக்குப் போகிற இரண்டு மாஸ்டர்கள், நைட் ஷிப்ட் முடிந்து போகிற வாட்ச்மேன்கள். ஹெல்மெட் போட்டவர் ஒருவர்தான். அவர் மகாபலிபுரம் போகிறாராம். "சைக்கிள்னா ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்குதானே" என்று கவுன்சிலர் ஆபீஸில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நீட்டப்போகிறேன்.

மனுவில் மார்க்கெட் வாசலில் பத்து குழாய், வடிகால் மூடிகளைத் திருப்பிப் போடுவது, இவ்வளவுதான். கையெழுத்துக்குப் போனபோது கீரைக்காரர் கேட்டார்: "குழாய்ல கட்டினா காசு வாங்குவாங்களா?" வாங்கக் கூடாது என்றும் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டேன்.