சீன நகரங்களில் மேயர் பெரியவரா, கட்சிச் செயலாளர் பெரியவரா?

தேர்வுக்காலம்:
போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். சீனாவில் அதிபர், பிரதமர், ஆளுநர், மேயர் என்று நம்மைப் போலவே பதவிகள் இருக்கின்றன. அப்புறம் ஒவ்வொரு மட்டத்திலும் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் என்று ஒருவர் வருகிறார். ஒரு நகரத்தில் கடைசி வார்த்தை யாருடையது?

டைல்ஸ்காரன்:
செயலாளருடையதுதான், தம்பி. நான் ஃபோஷானிலிருந்து டைல்ஸ் இறக்குமதி செய்கிறவன். அங்கே ஏதாவது விழா என்றால் முதலில் நடு நாற்காலியைப் பார்ப்பேன். அதில் இருப்பவர் செயலாளர், பக்கத்தில்தான் மேயர். கட்சிக் குழுவில் மேயர் வழக்கமாகத் துணைச் செயலாளர்.

ஹூபெய் மாகாணத் தலைநகர் வூஹானை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரியில் கொரோனா கைமீறியதும் ஹூபெய் மாகாணச் செயலாளர் ஜியாங் சாவோலியாங், வூஹான் செயலாளர் மா குவோச்சியாங் இருவருக்கும் பதவி போனது. மேலிட அனுமதி இல்லாமல் தகவலை வெளியிட முடியாது என்று தொலைக்காட்சியிலேயே சொன்ன மேயர் ஷோ சியன்வாங் மட்டும் 2021 ஜனவரி வரை மேயராகவே இருந்தார். அடி விழுவதும் செயலாளருக்கு, ஏற்றம் கிடைப்பதும் அவருக்கே. 2022 ஊரடங்கில் ஷாங்காய் மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஆனாலும் அப்போதைய செயலாளர் லி சியாங் மறு ஆண்டு மார்ச்சில் நாட்டின் பிரதமர் ஆனார். மேயர் அப்படியே மேயர்.

சட்டப்புள்ளி:
ஒரு சின்னத் திருத்தம். அரசியல் சாசனப்படி மேயரைத் தேர்ந்தெடுப்பது நகர மக்கள் பேரவை. ஆனால் யார் வர வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது கட்சி. அதற்கென்றே அமைப்புத் துறை இருக்கிறது. அதிகாரிகளின் கோப்பு, பதவி உயர்வு, இடமாற்றம் எல்லாம் அதன் மேசையில்தான். மேலே, நாட்டின் நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேரவையிலும் இதே கதை. கிட்டத்தட்ட 3,000 பேர் மார்ச்சில் சில நாட்கள் கூடிக் கலைவார்கள்.

தேர்வுக்காலம்:
சரி, கட்சிப் பதவிதான் பெரிது, அதிபர் பதவி அவ்வளவு முக்கியமில்லை என்றால், ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைதான் அதிபராக இருக்கலாம் என்ற வரம்பை 2018-ல் நீக்கியதற்கு ஏன் அத்தனை பேச்சு?

டைல்ஸ்காரன்:
நல்ல கேள்வி. ஷி ஜின்பிங்கிடம் மூன்று பதவிகள்: கட்சிப் பொதுச்செயலாளர், மத்திய ராணுவ ஆணையத் தலைவர், அதிபர். முதல் இரண்டுக்கும் இத்தனை முறைதான் என்ற வரம்பே கிடையாது. பலம் குறைந்த மூன்றாவதற்குத்தான் பூட்டு போட்டிருந்தார்கள். அந்தப் பூட்டு இருந்தால் பத்து ஆண்டில் மூன்றையும் சேர்த்தே கைமாற்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்பாவது இருக்கும். அதையும் கழற்றியதால்தான் பேச்சு. தேசிய மக்கள் பேரவை வாக்கெடுப்பில் 2,958 பேர் ஆதரவு, எதிர்ப்பு 2, ஒதுங்கியவர்கள் 3. அந்த இருவர் யாரோ, பாவம்!

டெங் சியாவோபிங்கையும் படித்து வையுங்கள். அவர் அதிபராகவும் இருந்ததில்லை, பிரதமராகவும் இருந்ததில்லை. 1980-களில் ராணுவ ஆணையத் தலைவர் பதவியைக் கையில் வைத்துக்கொண்டே நாட்டை நடத்தினார். ஷியின் பதவிகளைத் தேர்வில் வரிசைப்படுத்தச் சொன்னால் பொதுச்செயலாளரை முதலில் எழுதுங்கள். சீனப் பத்திரிகைகளும் அப்படித்தான் போடும்.