ஆண்டிபட்டி என்னும் 'பாதுகாப்பான தொகுதி': நேரில் கண்டவர்களின் அனுபவப் பகிர்வு

ஓய்வுபெற்ற ஆசிரியர்

எம்.ஜி.ஆர். மறைந்து ஓராண்டு கழிந்த நிலையில் நடந்த 1989 ஜனவரித் தேர்தலில், அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிபட்டித் தொகுதியின் சிற்றூர் ஒன்றில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றினேன். பின்னணியை எல்லோரும் அறிவீர்கள். அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து, அதன் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டிருந்தது; ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல்; ஜானகி அம்மையாரே இத்தொகுதியின் வேட்பாளர்.

முற்பகலில் ஒரு மூதாட்டி வாக்குச்சீட்டுடன் மறைவிடத்துக்குள் சென்றவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு சீட்டை விரித்துப் பிடித்தபடியே என் மேசைக்கு வந்து, "சாமி, இதுல எலையக் காணமே, அச்சடிக்க மறந்துட்டாகளா?" என்று கேட்டார். எந்தச் சின்னம் யாருடையது என்று நான் சொல்லக் கூடாது. "இதில் இருப்பவற்றில் ஒன்றுக்குத்தான் போட முடியும், அம்மா" என்றேன். அவர் அங்கிருந்த கட்சி முகவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவரும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்ப உள்ளே சென்று, உடனேயே வெளியே வந்து, மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். முத்திரை குத்தினாரா என்பதே ஐயம். அந்தத் தேர்தலில் ஜானகி தோற்றார், தி.மு.க.வின் ஆசையன் வென்றார். ஆண்டிபட்டியை அ.தி.மு.க.வின் 'பாதுகாப்பான தொகுதி' என்று எவரேனும் எழுதும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் என் காதில் விழுகிறது.

வைகை அணைக்காரன்

ஐயா சொன்ன மூதாட்டி எதைத் தேடினார் என்பது 1984 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் மருத்துவமனையில் இருந்தார்; தொகுதிக்குள் காலடி வைக்காமலேயே வேட்பாளரானார். இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, காங்கிரசுடன் கூட்டணி. எங்கள் ஊர் மந்தையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வண்டியின் மேல் வைத்து, மருத்துவமனையில் எடுத்த வீடியோப் படத்தை ஓட்டினார்கள். திரையில் அவர் முகம் வந்ததும் கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். பேச்சாளர் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, பேச வேண்டியதே இல்லாமல் நின்றிருந்தார். வேட்பாளரே வராத தொகுதியில் அவர் வென்றதைக் கண்ணால் கண்ட எங்களுக்கு, இலை என்பது சின்னம் அல்ல, ஆள்.

நெசவாளர் மகன்

மேலே எழுதிய இருவரிடமும் மரியாதையுடன் மாறுபடுகிறேன். இலைமேல் உள்ள பற்று மட்டுமே காரணம் என்றால், 1996இல் இலை சீட்டில் இருந்தபோதே அதே ஆசையன் மீண்டும் வென்றாரே, அதை எதில் சேர்ப்பது? மாநிலம் முழுதும் வீசிய எதிர்ப்பலை இங்கும் வீசியது. எங்கள் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு வாக்களிப்பவர்கள் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு மனம் புண்பட்டவன் நான்.

2002 பிப்ரவரி இடைத்தேர்தல். முந்தைய ஆண்டில் ஜெயலலிதாவின் வேட்புமனு இங்கு உட்பட நான்கு தொகுதிகளில் தள்ளுபடியாகி, இங்கு வென்ற தங்க தமிழ்ச்செல்வன் அவருக்காகப் பதவி விலகியிருந்தார். சக்கம்பட்டியில் என் தந்தையின் தறிக்கூடத்துக்கு ஓட்டுக் கேட்டு ஒரு கூட்டமே வந்தது. தந்தை குழித்தறியிலிருந்து காலை எடுக்கவில்லை. வந்தவர்கள் தலைவியின் பெருமையைச் சொல்லத் தொடங்கியதும், "அதெல்லாம் தெரியும்ப்பா. ஜெயிச்சா இது முதலமைச்சர் தொகுதி. அதிகாரி வந்து நூல் வெலையக் கேப்பாரு. தோத்துட்டா நம்மள எவன் கேப்பான்?" என்று சொல்லிவிட்டு நாடாவை ஓட்டத் தொடங்கினார். 41,201 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி என்று எண்ணிக்கைக்கு மறுநாள் நாளிதழ்கள் எழுதியபோது எல்லாரும் பக்தி என்றார்கள். என் தந்தை போட்டது கணக்கு.

வாக்கு எண்ணிக்கை முகவர்

என் அனுபவம் சிறியது. 2006இல் எண்ணிக்கை முடிந்து வித்தியாசம் 25,186 என்று அறிவித்தபோது, வென்ற அ.தி.மு.க. தரப்பு முகவர் ஒருவர் அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதி, அதற்கு மேலே 41,201 என்றும் எழுதி, இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே வெடிச் சத்தம் கேட்டபோதும் அவர் முகம் தெளியவில்லை.

இந்தத் தொகுதியைப் பற்றி எழுத நினைக்கும் இளைஞர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். இடைத்தேர்தல் வித்தியாசத்தைப் பொதுத்தேர்தல் வித்தியாசத்தோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். ஆளுங்கட்சி முழுப் பலத்தையும் ஒரே தொகுதியில் இறக்கும் தேர்தல் அது. அடுத்து, 2008 தொகுதி எல்லை மறுவரையறை, சட்டமன்றத்துக்கு 2011 தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முன்பும் பின்பும் 'ஆண்டிபட்டி' என்று ஒரே பெயரில் இருப்பவை ஒரே எல்லைகள் கொண்டவை அல்ல என்பதால், பழைய சதவீதத்தையும் புதிய சதவீதத்தையும் ஒரே கோட்டில் வரைந்தால் முடிவு பிழையாகும். வாக்குச்சாவடிவாரியாகப் பார்க்க விரும்பினால் படிவம் 20ஐ எடுத்துப் படியுங்கள். பேரூராட்சி வார்டுகளையும், வைகைக் கரையின் பூந்தோட்ட ஊர்களையும், வருசநாட்டு மலையடிவாரத்தின் இலவமரக் காட்டு ஊர்களையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். சாதிக் கணக்கை மட்டும் வைத்து எழுதிய கட்டுரைகளை நான் நம்புவதில்லை. ஒரே சாதியினர் வாழும் இரண்டு ஊர்கள், தண்ணீர் வந்ததா வரவில்லையா என்பதை வைத்து எதிரெதிராக வாக்களித்த நிலையைக் கண்டிருக்கிறேன்.

கடமலைக்குண்டு வாசகி

முகவர் ஐயாவின் அறிவுரை நன்று. ஆனால் படிவத்தில் வராத ஒன்றை நான் பார்த்தேன். தங்க தமிழ்ச்செல்வன் உள்ளிட்ட 18 சட்டமன்ற உறுப்பினர்களின் தகுதிநீக்கத்தால் வந்த இடைத்தேர்தல், 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்ந்தே நடந்தது. தி.மு.க.வுக்கு மகாராஜன், அ.தி.மு.க.வுக்கு அவருடைய தம்பி லோகிராஜன். அதற்குச் சற்று முன்புதான் ஆண்டிபட்டியில் வருமான வரிச் சோதனையில் 1.48 கோடி ரூபாய் பிடிபட்டு, காவலர்கள் வானத்தை நோக்கிச் சுட்ட பரபரப்பு வேறு. எங்கள் சாவடியில் இரண்டு தேர்தலுக்கும் இரண்டு இயந்திரங்கள். எனக்கு முன்னால் நின்ற அக்கா முதல் இயந்திரத்தில் வாக்களித்துவிட்டு அலுவலரிடம் திரும்பி, "இது டெல்லிக்கு. அண்ணன் தம்பிப் பெட்டி எது சார்?" என்று உரக்கக் கேட்டார். அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. எந்தப் பெட்டியில் எதைத் தீர்மானிக்கிறோம் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தேனி மக்களவைத் தொகுதியில் அ.தி.மு.க. வென்றது, தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணிக்குக் கிடைத்த ஒரே இடம் அதுதான். அதே தேனிக்குள் அடங்கிய ஆண்டிபட்டிச் சட்டமன்றத் தொகுதியில் அண்ணன் வென்றார். 2021இலும் அதே இருவர் மோத, மீண்டும் அண்ணனே.

நெசவாளர் மகன்

அக்கா எழுதியதைத்தான் நானும் சொல்ல முயன்றேன். இலையில் நின்று 2001, 2011, 2016 ஆகிய தேர்தல்களில் ஆண்டிபட்டியில் வென்ற தங்க தமிழ்ச்செல்வன், 2024இல் உதயசூரியனில் நின்று தேனி மக்களவை உறுப்பினரானார். ஆள் மாறவில்லை, சின்னம் மாறியது. "இலை என்பது ஆள்" என்று எழுதிய அணைக்கார அண்ணன் இதற்கு என்ன சொல்கிறார் என்று அறிய விரும்புகிறேன். அந்தத் தேர்தலில் நம் ஊர்ச் சாவடிகளில் இருந்தவர்களும் தாங்கள் கண்டதை எழுத வேண்டும்.