ஆறு வாரமாக 78.4: மூன்று நாள் திரவ உணவு எடையை நகர்த்தியதா?

தாம்பரம்வாசி:

வயது 41, உயரம் 5 அடி 7 அங்குலம். தை மாதம் 89 கிலோவில் ஆரம்பித்தேன். சோற்றைக் குறைத்தேன், காய்கறி, முட்டை, சுண்டலைக் கூட்டினேன், தினமும் முக்கால் மணி நேரம் நடந்தேன். ஆனி முடிவதற்குள் 78.4 வந்தது. அதோடு நின்றுவிட்டது. ஆறு வாரம்! அதே சாப்பாடு, அதே நடை, காலையில் அதே எண். மெஷின்தான் கெட்டுவிட்டதோ என்று 5 கிலோ அரிசிப் பையை ஏற்றிக்கூடப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது.

அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்: "மூணு நாள் வெறும் திரவமா இருங்க சார், உடம்பு முழிச்சுக்கும்." உடம்பு எப்போது தூங்கியது என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தொடங்கினேன். காலையில் மோர், பதினோரு மணிக்கு இளநீர், மதியம் முருங்கைக்கீரை சூப், சாயங்காலம் ஒரு டம்ளர் பால், ராத்திரி பருப்புத் தண்ணீர் விட்ட ரசம். எல்லாம் சேர்த்து 550 கலோரி இருக்கும்.

முதல் நாள் சாயங்காலமே தலைவலி மண்டையைப் பிளந்தது. காபியையும் சேர்த்து நிறுத்திய வினை அது என்று அப்புறம்தான் புரிந்தது. இரண்டாம் நாள் மாடிப்படியில் ஒருமுறை கண் இருட்டியது. மூன்றாம் நாள் பசி போய்விட்டது. ஆனால் பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் எந்த எண்ணெய் என்று சொல்லும் அளவுக்கு மூக்கு கூர்மையாகிவிட்டது. திங்கட்கிழமை காலை ஏறி நின்றால் 76.1. துள்ளிக் குதித்தேன். மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள், "சாப்பிட்டு நாலு நாள் கழிச்சு ஏறிப் பாருங்க."

வியாழக்கிழமை 77.6. பத்தாவது நாள் 78.0.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறக்குறைய 7,700 கலோரி. எனக்கு ஒரு நாள் செலவு 2,200 என்று வைத்தாலும், மூன்று நாளில் மிச்சம் பிடித்தது 5,000 கலோரிதான். அத்தனையும் கொழுப்பிலிருந்தே போயிருந்தாலும் முக்கால் கிலோகூட இல்லை. அப்படியானால் 2.3 கிலோ எப்படிப் போனது? கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்று மாவுச்சத்துச் சேமிப்பு நானூறு, ஐந்நூறு கிராம் இருக்குமாம். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு நின்றால் முதலில் காலியாவது அதுதான். உப்பு குறைந்ததும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகிறது, குடலும் காலி. சாம்பார் சாதம் உள்ளே போனதும் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

இதை இருந்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். யாருக்காவது நிஜமாகவே தடை உடைந்ததா?

தூத்துக்குடி அக்கா:

தம்பி, நான் 19 வருஷமாகக் கந்த சஷ்டிக்கு இருக்கிறேன். ஆறு நாளும் பால், இளநீர், பழச்சாறு மட்டும். கடைசி நாள் திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்து, மறுநாள் திருக்கல்யாணம் முடிந்துதான் சாப்பாடு. ஒவ்வொரு வருஷமும் இரண்டரை, மூன்று கிலோ இறங்கும். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிப்பதற்குள் வந்துவிடும். 19 தடவை இறங்கி 19 தடவையும் ஏறிய எடை இது. நான் முருகனுக்காக இருக்கிறேன், அதனால் எனக்கு நஷ்டமில்லை. நீங்கள் மெஷினுக்காக இருந்தால் ஏமாற்றம்தான்.

ஒன்று மட்டும் நிஜம். விரதம் முடிந்து ஒரு வாரம் வரை இரண்டு இட்லியில் வயிறு நிறைந்துவிடும். முதல் வருஷம் அது தெரியாமல் வடை, பாயசத்தோடு முடித்துவிட்டு ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இப்போதெல்லாம் முதல் சாப்பாடு நீராகாரம்தான். நான் சொல்வது பழைய சோற்றுத் தண்ணீர், டயட்காரர்கள் சொல்கிற நீராகாரம் இல்லை!

கோவை, இரண்டு பிள்ளைகளின் அம்மா:

என் கதை கொஞ்சம் மோசம். ஐந்து நாள் "டீடாக்ஸ்" என்று வீட்டுக்கே பாட்டில் பாட்டிலாக ஜூஸ் அனுப்புகிற ஒரு கடையில் பணம் கட்டினேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, கிளிமிப்பிரைடு மாத்திரை எடுக்கிறேன். சேரும்போது ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸ் வந்த நாள்களில் சர்க்கரை தாறுமாறாக ஏறியது. மூன்றாம் நாள் முழுக்க வெள்ளரியும் கீரையுமாக வந்தது. மாத்திரையைப் போட்டுவிட்டு அதைக் குடித்தேன். பதினொன்றரை மணிக்கு வேர்த்து, கை நடுங்கி, அடுப்பு மேடையைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டேன். பெரியவன் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தான். குளுக்கோமீட்டர் 52 காட்டியது.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த விளையாட்டில் இறங்காதீர்கள். நீர் பிரியும் பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும்தான். அவர்களுக்கு பிரஷர் இறங்கித் தலைசுற்றும். ஜூஸில் நார் இல்லை, புரதம் இல்லை. ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ் 110 கலோரி. அந்தப் பழத்தை மென்று தின்றிருந்தால் பசியாவது அடங்கியிருக்கும்.

லண்டன், ஹரோ:

நான் யாழ்ப்பாணம், இங்கே வந்து 22 வருடம். திரவ உணவையே மூன்று நாள் அல்ல, 12 கிழமை (வாரம்) இருந்தேன். நீரிழிவு கண்டுபிடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இங்கத்தைய அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் சூப்பும் ஷேக்கும் மட்டும் தருகிற திட்டத்தில் டாக்டர் சேர்த்துவிட்டார். ஒரு நாளைக்கு 800 முதல் 900 கலோரி, புரதமும் விட்டமினும் அளந்து போட்டது. முதல் நாளே நீரிழிவுக் குளிசையையும் பிரஷர் குளிசையையும் அவர்களே நிறுத்திவிட்டார்கள். கோவை அக்காவுக்கு நடந்தது நடக்கக் கூடாது என்றுதான்.

2017 இல் வெளிவந்த டைரெக்ட் (DiRECT) என்ற நீரிழிவு ஆய்வை வைத்து வந்த திட்டம் இது. ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் நடந்தது. அதில் இந்த உணவு எடுத்த 149 பேரில் 68 பேருக்கு ஒரு வருடத்தில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இரண்டாம் வருடம் அது 36 வீதமாகக் குறைந்தது. எனக்கு 92 கிலோ 78 ஆனது.

தாம்பரம் அண்ணா, உங்களுக்காக ஒரு விஷயம். ஏழாவது கிழமை எனக்கு ஒன்பது நாள் நிறை அசையவே இல்லை. அதே 850 கலோரி, ஒரு துண்டு பாண்கூடத் தொடவில்லை. தாதியிடம் அழாத குறையாகக் கதைத்தேன். "கொழுப்பு போகிறது, அந்த இடத்தைத் தண்ணீர் மறைக்கிறது, பொறு" என்றா. பத்தாவது நாளிலிருந்து இரண்டு இரவில் 1.6 கிலோ இறங்கியது! கழிப்பறைக்கு நடந்தே களைத்துவிட்டேன். வெறும் திரவத்தில் இருந்தவனுக்கே தடை வந்தது என்றால், தடையை உடைக்கத் திரவம் என்பது எப்படிச் சரிவரும்?

சேலம்:

பெண்களுக்கு மாதவிலக்குக்கு முன்னால் தண்ணீர் சேர்ந்தே ஒன்று, ஒன்றரை கிலோ ஏறும். போன மாதம் அதே நாளோடுதான் ஒப்பிட வேண்டும். ஆண்களும் இடுப்பை டேப் வைத்து அளக்கலாமே. அந்த ஆறு வாரத்தில் பெல்ட்டில் எத்தனை ஓட்டை நகர்ந்தது?

திருச்சி, ஜிம் பைத்தியம்:

குறைத்தது போதாது, இன்னும் குறை என்று எல்லோரும் சொல்வார்கள். நான் எதிர்ப்பக்கம். ஆஸ்திரேலியாவில் பருமனான 51 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2017-ல் வெளியானது. ஒரு குழு 16 வாரம் தொடர்ந்து குறைவாகச் சாப்பிட்டது. இன்னொரு குழு இரண்டு வாரம் குறைவாக, அடுத்த இரண்டு வாரம் எடை ஏறாமல் இறங்காமல் இருக்கும் அளவுக்கு, மறுபடி குறைவாக என்று மாற்றி மாற்றி அதே 16 வாரக் குறைப்பை மொத்தம் 30 வாரத்தில் முடித்தது. விட்டு விட்டு இருந்தவர்களுக்கு 14 கிலோ போனது, தொடர்ந்து இருந்தவர்களுக்கு 9. எனக்கும் ஒருமுறை இது கைகொடுத்தது. ஆனால் "தேவையான அளவு" என்பது கல்யாணப் பந்தி இல்லை. என் நண்பன் அந்த இடத்தில்தான் வழுக்கினான்.

தாம்பரம்வாசி:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். சேலத்துக்கு முதலில்: அரை ஓட்டைகூட நகரவில்லை. அதனால் என் தடை வெறும் தண்ணீர் இல்லை என்று தெரிந்தது. அப்படியானால் வாயைத்தான் சந்தேகப்பட வேண்டும். 1992-ல் நியூயார்க்கில் ஒரு ஆய்வு நடந்தது. 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் இளைக்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரைச் சோதித்தார்கள். சாப்பிட்டதில் 47 சதவீதம் அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. பொய் சொல்லவில்லை, தெரியவில்லை. நான் அப்படியில்லை என்றுதான் நினைத்தேன்.

மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். வீட்டில் நாலு பேர், மாதம் நாலு லிட்டர் எண்ணெய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, 270 கலோரிக்கும் மேல். சோற்றையும் இட்லியையும் எண்ணிய நான் எண்ணெயை ஒரு நாளும் எழுதவில்லை. 89 கிலோவாக இருந்தபோது அந்தப் பிழையை உடம்பு தாங்கிக்கொண்டது. 78-ல் செலவே குறைந்துவிட்டதால் வரவும் செலவும் சமமாகிவிட்டது. இதில் எவ்வளவு திரவம் குடித்து என்ன?

திருச்சி சொன்னபடி இரண்டு வாரம் விட்டேன். அதற்குப் பிறகு எண்ணெயைப் பாதியாக்கினோம், வாரத்தில் ஒரே நாள் எடை. நேற்று 76.3. திரவத்தில் மூன்று நாளில் பார்த்த எண்ணுக்குக் கிட்டே வர எட்டு வாரம் ஆகியிருக்கிறது. ஆனால் நேற்று முந்தின ராத்திரி நான் சாப்பிட்டது மூன்று தோசை.

எண்ணெய் அளக்க இருமல் மருந்தோடு வந்த 5 மில்லி ஸ்பூனை வைத்திருக்கிறோம். தோசைக்குக் கால், தாளிப்புக்கு இரண்டு. தக்காளித் தொக்குக்கு மட்டும் அளக்க முடியாது என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். அந்த விஷயத்தில் நான் வாதாடவில்லை.