புதுப்பிப்பு: டிஎன்டி போட்டும் மனை விற்கும் அழைப்பு நிற்கவில்லையா?

விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் டிஎன்டி ('தொந்தரவு செய்யாதே') பதிவுக்கு, 1909-க்கு ஆங்கில எழுத்தில் 'ஸ்டார்ட் 0' என எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லியிருந்தேன். "அனுப்பியாச்சு, வண்டலூர் மனைக்காரங்க விடலையே" என்று கேட்டவர்களுக்கு இது.

டிஎன்டி வடிகட்டுவது பதிவு செய்த விளம்பரதாரர்களை மட்டும்தான். அவர்கள் எண் 140-இல் தொடங்கும். சாதாரண 10 இலக்க எண்ணில் விற்பவர் பதிவே செய்யாதவர், அவருக்குப் புகார்தான் மருந்து. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி செயலியில், அழைப்பு வந்த 7 நாளுக்குள் எண், தேதி, என்ன விற்றார் என்பதைப் பதியுங்கள். 2025 விதித் திருத்தத்துக்கு முன் 3 நாள்தான். வெறுமனே பிளாக் செய்தால் அவர் வேறு சிம்மில் வருவார்.

எஸ்எம்எஸ் என்றால் அனுப்புநர் பெயரின் கடைசி ஆங்கில எழுத்து 'பி'யா (P) பாருங்கள்; அது விளம்பரம். 'டி' (T, பரிவர்த்தனை), 'எஸ்' (S, சேவை) என்று முடிபவை நிற்காது, நிற்கவும் கூடாது: ஓடிபி அதில்தான் வரும்.

தி.நகர் கடையில் விளம்பரத்துக்குச் சம்மதம் கொடுத்திருந்தால் அது டிஎன்டியைத் தாண்டும். அதைத் தனியாக ரத்து செய்யுங்கள்.